தாமிரபரணிக் கரையில் வேடிக்கை கட்ட வருகிறவர்களுக்கு, ஒரு வேன் டிரைவரின் திறந்த மடல்

தாமிரபரணிக் கரையில் சுற்றுலாத் திட்டம் வகுக்கும் அதிகாரிகளுக்கு,

எங்கள் ஊர்ப் படித்துறையில் ஒரு கல்மண்டபம் இருக்கிறது. எட்டுத் தூண். போன செவ்வாய்க்கிழமை அதில் நான்கு தூண்களில் சிவப்புப் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டிருக்கிறார்கள். போட்டவன் கூலிக்கு வந்த பையன். எதுக்குடே என்று கேட்டேன். "இடிக்கப் போறாங்க அண்ணாச்சி. இங்கதானே கலர் பவுண்டன் வருது" என்றான்.

இரண்டு மாதம் முன்பு நீங்கள் நடத்திய கருத்துக் கேட்புக் கூட்டத்தில் கடைசி வரிசையில் நானும் இருந்தேன். ஐந்து பேர் பேசியதும் நேரமாகிவிட்டது என்று மைக்கை அணைத்தார்கள். மற்றவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தேன். பதில் வரவில்லை, பெயிண்ட்தான் வந்தது. அன்று எழுதியதைக் கொஞ்சம் விரித்து இப்போது ஊரறிய எழுதுகிறேன்.

நான் 22 வருடமாக நவதிருப்பதிக்கு வேன் ஓட்டுகிறேன். திருநெல்வேலி ஜங்ஷனில் விடியற்காலை ஆட்களை ஏற்றி, ஒன்பது பெருமாள் கோயிலையும் காட்டி, இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுவிடுவது தொழில். புரட்டாசிச் சனிக்கிழமையில் உட்கார நேரமிருக்காது. ஆடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டு சும்மா இருப்பேன். இந்தக் கரைக்கு யார் வருகிறார்கள், எதற்கு வருகிறார்கள், எந்த இடத்தில் முகம் சுளிக்கிறார்கள் என்பதைப் பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவன் நான். உங்கள் திட்ட அறிக்கையை எழுதியவர் அந்தக் கண்ணாடியில் ஒரு நாள் பார்த்திருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று நினைக்கிறேன்.

கூட்டத்தில் கொடுத்த நான்கு தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். நுழைவு வளைவு, வண்ண நீரூற்று, செல்ஃபி பாயிண்ட், ஆளுயர எழுத்தில் ஊர்ப் பெயர், மிதிபடகு, டைல்ஸ் நடைபாதை, நுழைவுச் சீட்டு கொடுக்க ஒரு கூண்டு. மண்டபத்தைப் பற்றி ஒரே வரி: "பழுதடைந்த கட்டுமானம், அகற்றப்படும்." கூடவே தந்த துண்டுப்பிரசுரத்தின் அட்டையில் ஒரு ஆறு இருக்கிறது. இரண்டு பக்கமும் தென்னை சாய்ந்து கிடக்க, நடுவில் ஓலை வேய்ந்த படகு வீடு. அது தாமிரபரணி இல்லை ஐயா. தாமிரபரணியில் படகு வீடு போனால் அடுத்த அணைக்கட்டில் தட்டி நிற்கும். எட்டு அணைக்கட்டு இந்த ஆற்றில். கோடைமேலழகியானில் தொடங்கி மருதூர், கடைசியாக ஸ்ரீவைகுண்டம். வெள்ளைக்காரன் கட்டிய ஸ்ரீவைகுண்டத்தைத் தவிர மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை சுமார் 128 கிலோமீட்டர், அந்த நீளம் முழுக்கத் தடுத்து, திருப்பி, வாய்க்காலில் விட்டு, குளத்தில் தேக்கி, வயலுக்குப் பாய்ச்சுகிற ஆறு. இங்கே பார்க்க வேண்டியதே அதுதான். அட்டைப்படத்துக்கு வேறு ஊர் ஆற்றைத் தேடியவருக்கு இது தெரியாமல் போனதுதான் மனதை உறுத்துகிறது.

என் வண்டியில் ஏறுகிறவர்களைப் பெரும்பாலும் மூன்று வகையில் சொல்லிவிடலாம். நவகிரகத் தலம் என்று வருகிறவர்கள்தான் அதிகம். ஸ்ரீவைகுண்டம் சூரியன், நத்தம் சந்திரன், திருக்கோளூர் செவ்வாய், திருப்புளிங்குடி புதன், ஆழ்வார்திருநகரி குரு, தென்திருப்பேரை சுக்கிரன், பெருங்குளம் சனி, இரட்டைத் திருப்பதி ராகு கேது. அந்த வரிசையிலேயே போக வேண்டும் என்று சிலர் அடம் பிடிப்பார்கள். போனால் ஆற்றைக் குறுக்கே குறுக்கே தாண்டி டீசல் தீர்ந்துவிடும். ஆறு கோயில் வடகரை, மூன்று தென்கரை. அப்புறம் பங்குனி உத்திரத்துக்குச் சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் தங்கள் குலதெய்வமான சாஸ்தாவைத் தேடி வருகிற நம்மூர்க் குடும்பங்கள். மூன்றாவது வகை இந்த ஐந்தாறு வருடத்தில் வந்தது: பழங்காலப் பொருள்கள் தோண்டியெடுத்த ஆதிச்சநல்லூரையும் சிவகளையையும் பேப்பரில் படித்துவிட்டு, பையில் தண்ணீர் பாட்டிலோடும் தொப்பியோடும் வருகிறவர்கள். கல்லூரிப் பிள்ளைகள், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள், ஒன்றிரண்டு வெளிநாட்டுக்காரர்கள். 22 வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் நீரூற்று எங்கே என்று கேட்டதில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றுதான். அதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இந்த மடலுக்கு அர்த்தமில்லை.

மூன்று வருடம் முன்பு ஒரு புரட்டாசிச் சனி. சேலத்திலிருந்து பதினோரு பேர், அதில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. நல்ல வெயில். நான்கு கோயில் முடிந்து ஐந்தாவதில் வண்டியை விட்டு இறங்கும்போது அந்தம்மாவுக்குக் கால் மடங்கிவிட்டது. நிழலில் உட்கார வைத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் பாட்டி என்று கேட்டேன். இட்லி சாப்பிட்டிருக்கிறார். ஆனால் விடிந்ததிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. "குடிச்சா எறங்கோணுமில்ல கண்ணு, எங்க போறது" என்றார். முந்தின வருடம் அவருடைய தங்கச்சி வந்துவிட்டுப் போய், அங்கே பொம்பளைங்களுக்கு ஒதுங்க இடமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வற்றாத ஆற்றின் கரையில், தமிழ்நாட்டிலேயே நல்ல தண்ணீர் என்று பெயரெடுத்த ஆற்றின் கரையில், ஒரு கிழவி பயந்துகொண்டு தண்ணீர் குடிக்காமல் கோயில் சுற்றுகிறார். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்த வீட்டு அம்மா என்னை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பாட்டியைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போய், திரும்பி வரும்போது ஒரு சொம்பு மோரும் கொடுத்து அனுப்பினார். ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறை அந்த ஊருடையது இல்லை. எந்த ஊர்ப் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இன்றைக்கும் அந்த வீடுதான் என் வண்டிக்குக் கழிப்பறை. தீபாவளிக்கு ஒரு பெட்டி இனிப்பு கொண்டுபோய்க் கொடுப்பேன், அவ்வளவுதான் கணக்கு.

இடமில்லை, ஆளில்லை, நிதியில்லை என்று சொல்லாதீர்கள். 2018 அக்டோபரில் ஆற்றில் நீராடும் மகா புஷ்கர விழா நடந்தது. பன்னிரண்டு நாள். நான் ஒரு நாளைக்கு இரண்டு நடை அடித்தேன். நான் ஆள் இறக்கிய துறைகளில் எல்லாம் தகரத் தட்டி வைத்த கழிப்பறையும், தண்ணீர்த் தொட்டியும், துப்புரவுக்கு ஆளும் இருந்தார்கள். பதின்மூன்றாம் நாள் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனது. ஆற்றுக்குள் ஜனங்கள் விட்டுப்போன பழைய துணியை மட்டும் யாரும் ஏற்றவில்லை. அது பல நாள் தண்ணீரில் மிதக்கும் அமலைச் செடியில் சுற்றிக்கொண்டு கிடந்தது. பன்னிரண்டு நாளைக்கு முடிந்த காரியம் வருடத்துக்கு ஏன் முடியாது?

இரண்டாவது தொல்லை, மதியம். பன்னிரண்டு மணிவாக்கில் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்திவிடுவார்கள். அது கோயில் முறை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எந்தக் கோயில் எத்தனை மணிக்கு என்று ஒரே தாளில் எழுதி எங்கேயும் ஒட்டியிருக்காது. இணையத்தில் ஒரு நேரம் இருக்கும், பலகையில் ஒரு நேரம் இருக்கும், பட்டர் வீட்டில் விசேஷம் என்றால் அன்றைக்கு மூன்றாவதாக ஒரு நேரம். இவ்வளவு தூரம் வந்து பூட்டிய கதவைக் கும்பிட்டுவிட்டுப் போனவர்களை நான் வாரம் தவறாமல் பார்க்கிறேன். பன்னிரண்டிலிருந்து நான்கு வரை அந்த நான்கு மணி நேரம் அவர்கள் வண்டிக்குள்ளேயே புழுங்கிக்கொண்டு கிடப்பார்கள்.

இந்த நான்கு மணி நேரத்தை வைத்துத்தான் உங்களுக்கு ஒரு யோசனை சொல்ல நினைத்தேன். மைக் அணைந்ததால் போயிற்று. திருநெல்வேலியிலிருந்து வரும்போது ஸ்ரீவைகுண்டத்துக்கு முன்னால் சாலையோரத்திலேயே இருக்கிறது ஆதிச்சநல்லூர். 114 ஏக்கர் பரம்பு, மேட்டு நிலம். 1876-இல் யாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். அவருக்குப் பிறகு அலெக்சாண்டர் ரீ வருடக்கணக்காகத் தோண்டினார். தங்க நெற்றிப்பட்டம், வெண்கலப் பாத்திரம், இரும்புக் கத்தி, ஈட்டி என்று அவர் எடுத்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நூறு வருடம் கழித்து, 2004-இல், மத்திய தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது இறந்தவர்களை வைத்துப் புதைத்த தாழிகள் நூற்றைம்பதுக்கும் மேலே வெளியே வந்தன. 2020 மத்திய பட்ஜெட்டில் அருங்காட்சியகத்தோடு மேம்படுத்த நாட்டிலேயே ஐந்து தொல்லியல் இடங்களை எடுத்துச் சொன்னார்கள், அதில் ஒன்று இது. 2023 ஆகஸ்டில், தோண்டிய குழியை அப்படியே விட்டு மேலே கண்ணாடி போட்டு, தாழிகள் மண்ணுக்குள் இருக்கிறபடியே பார்க்க வழி செய்திருக்கிறார்கள். நல்ல வேலை. அந்தக் கண்ணாடி மேல் முதல் தடவை காலை வைக்கும்போது எல்லாரும் செருப்பைக் கழற்றப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வருவதில்லை அது.

அங்கேயும் புதிதாக எதையும் கட்டி மிரட்டவில்லை, இருந்ததை இருந்த இடத்தில் பார்க்க விட்டிருக்கிறார்கள். கோயில் மூடும் மதியத்தில் நான் என் ஆட்களை அங்கேதான் கூட்டிப்போகிறேன். கிரகத்துக்காக வந்த மாமிகள் வெயிலில் எங்கேப்பா கூட்டிப்போறே என்று முனகிக்கொண்டே இறங்குவார்கள். ஏறும்போது பேச்சே இருக்காது. ஒருமுறை ஒரு அம்மா கொஞ்ச தூரம் வண்டி போன பிறகு, "இவங்களும் குளிச்சு முழுகி இந்த ஆத்துத் தண்ணியத்தானே குடிச்சிருப்பாங்க" என்றார். உங்கள் நான்கு தாளில் ஆதிச்சநல்லூர் ஒரு புள்ளியாக இருக்கிறது. அங்கிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து அங்கேயும் எப்படிப் போவது, எந்த நேரத்தில் போவது என்று ஒரு கோடு இல்லை.

சிவகளைக்கு அதுவும் இல்லை. தாழியில் கிடைத்த நெல்மணியைச் சோதித்து கி.மு. 1155 என்று 2021-இல் சட்டமன்றத்திலேயே சொன்னார்கள். 2025 ஜனவரியில், அங்கே கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்ற அறிவிப்பு வந்து உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த இடத்தை முதலில் கவனித்து, கிடைத்த பானைச் சில்லையும் கல்லையும் எடுத்து வைத்துக்கொண்டு சொல்லிக்கொண்டே இருந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். செய்தி வந்த வாரம் மட்டும் சிவகளைக்கு ஆறு வண்டி கேட்டார்கள். கூட்டிப்போனேன். தோண்டிய குழிகளைப் பாதுகாப்புக்காக மூடிவிடுவது முறை. அது எனக்குத் தெரியும், வந்தவர்களுக்குத் தெரியாது. அவர்கள் பார்த்தது மண்ணும் உடைமரமும். "இதுவா?" என்று என்னைக் கேட்டார்கள், நான்தான் எதையோ மறைத்து வைத்திருப்பது போல.

கொற்கைக்கு ஒரு தனிப் பத்தி வேண்டும். பெங்களூரிலிருந்து ஒரு தாத்தா பாட்டி, பேரன் கூட வந்தான், பத்து வயதிருக்கும். பாண்டியன் துறைமுகம், முத்து, கிரேக்கக் கப்பல் என்று வழியெல்லாம் தாத்தா கதை சொல்லிக்கொண்டே வந்தார். வண்டியை நிறுத்தியதும் பையன் குதித்து இறங்கி சுற்றுமுற்றும் பார்த்தான். வயல், வாழை, ஒரு குளம். "அங்கிள், ஹார்பர் எங்கே?" என்றான். கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது தம்பி, இந்த ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான் அதைத் தள்ளியது என்றேன். நம்பவில்லை. வெற்றிவேல் அம்மன் கோயிலைக் காட்டினேன். அங்கே நிற்கும் பழைய வன்னி மரத்தைக் காட்டினேன். அக்கசாலைப் பிள்ளையார் கோயிலில் நின்று, அக்கசாலை என்றால் காசு அடிக்கிற இடம், காசு அடித்த தெருவில் பிள்ளையார் மட்டும் பாக்கி என்றேன். எதற்கும் மசியவில்லை. கடைசியில் வரப்போரம் காலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தவன் குனிந்து எதையோ எடுத்தான். சங்குச் சில்லு. வெளுத்துப்போய், ஓரம் மழுங்கி, உள்பக்கம் மட்டும் இன்னும் வழவழவென்று. அதைக் காதில் வைத்துப் பார்த்தான் (சில்லில் என்ன கேட்கும்?). அப்புறம் கடல் இருந்த திசையை அவனே கையை நீட்டிக் கேட்டான். 1968-69-இல் இங்கே தோண்டிக் கிடைத்த கரித்துண்டு கி.மு. 785-ஐ ஒட்டியது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை ஒரு பலகையில் எழுதி, பக்கத்தில் பழைய கடற்கரை எது, இன்றையது எது என்று ஒரு படமும் வரைந்து வைத்தால் போதும். அந்தச் சில்லை அங்கேயே போட்டுவிடச் சொன்னேன், போட்டுவிட்டான். எல்லாரும் எடுத்துப்போனால் அடுத்த பையனுக்கு இருக்காது.

கொற்கைக்குப் பிறகு பழையகாயல், மார்க்கோ போலோ எழுதி வைத்த காயல். பிறகு புன்னைக்காயல், 16-ஆம் நூற்றாண்டில் தமிழை அச்சுக்குக் கொண்டுவரப் பாடுபட்ட போர்த்துகீசியப் பாதிரியார் அண்டிரிக் அடிகளார் வாழ்ந்த ஊர். கடல் தள்ளிப்போகப் போக, துறைமுகமும் பின்னாலேயே போயிருக்கிறது. இதையெல்லாம் நான் எங்கே படித்தேன்? மதியம் நான்கு மணி நேரம் வண்டியில் கிடக்கும்போது, பயணிகள் விட்டுப்போன புத்தகத்தில். சுற்றுலாத் துண்டுப்பிரசுரம் எதிலும் இல்லை.

இனி எங்கள் மண்டபம். தென்மேற்கு மூலையில் ஒரு உத்தரக்கல் விரிசல் விட்டிருப்பது உண்மை. மேல்தளத்தில் அரசங்கன்று வேர் விட்டிருப்பதும் உண்மை. யார் கட்டியது, எப்போது என்று கல்வெட்டு எதுவும் இல்லை. அதனால் அது யாருக்கும் வேண்டாத கல் ஆகிவிடுமா? ஊரில் யார் இறந்தாலும் பதினாறாம் நாள் காரியம் அங்கே. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் அங்கே. கோயில் கொடைக்குத் தீர்த்தக்குடம் அங்கிருந்து புறப்பட வேண்டும். படிகள் மொத்தம் இருபத்து மூன்று. மேலிருந்து ஒன்பதாவது படியில் யாரோ உளியால் ஆடுபுலி ஆட்டக் கட்டம் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோடுகள் தேய்ந்து, விரலால் தடவினால்தான் சில இடத்தில் தெரியும். என் மகன் அந்தக் கட்டத்தில்தான் புளியங்கொட்டையை வைத்து என் அப்பாவை முதல் தடவை ஜெயித்தான். இது உங்கள் அறிக்கையில் எழுதுகிற விஷயம் இல்லைதான். ஆனால் நுழைவுச் சீட்டுக் கூண்டு வந்தால், காரியத்துக்கு வருகிறவன் சீட்டு வாங்க வேண்டுமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லாமல் சிரித்தீர்கள்.

2023 டிசம்பர் 17-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோய், சுமார் எண்ணூறு பேர் சுற்றிலும் வெள்ளத்தோடு இரண்டு ராத்திரி கிடந்தார்கள். தங்கள் வீட்டிலேயே தண்ணீர் நிற்க, பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் சோறு பொங்கி அவர்களுக்குப் போட்டார்கள். ஏரல் பாலத்தை அடுத்த சாலையை ஆறு அறுத்துக்கொண்டு போனது. நான் வண்டியை மேட்டில் ஏற்றிவிட்டு மூன்று நாள் வீட்டு மாடியில் இருந்தேன்.

தண்ணீர் வடிந்ததும் படித்துறைக்குப் போனேன். தூணில் செதுக்கிய தாமரைக்கு நான்கு விரல் மேலே வரை சேறு படிந்திருந்தது. அந்த இடத்தில் ஆணியால் ஒரு கோடு கீறி வைத்திருக்கிறேன், இன்னும் இருக்கிறது. படிகளில் இடுப்பளவு மணல். ஊர் சேர்ந்து அள்ளினோம். இருபத்து மூன்றில் இரண்டு படி மட்டும் புரண்டிருந்தது, மற்றவை இம்மியும் அசையவில்லை. அதே ஆற்றில், கொஞ்சம் கீழே வேறொரு ஊரில் அதற்கு முந்தின வருடம்தான் டைல்ஸ் ஒட்டி ஒரு நடைபாதை போட்டிருந்தார்கள். அதில் பாதி எங்கே போனது என்று தெரியவில்லை. மீதிப் பாதி பல் விழுந்த வாய் மாதிரி இன்றும் கிடக்கிறது. இப்போது நீங்கள் நீரூற்றுக்கு மோட்டார் அறை கட்டக் குறித்திருக்கும் இடம், நான் கீறிய கோட்டுக்கு ஆளுயரம் கீழே. மின்சாரப் பெட்டியும் அங்கேதான். ஒரு வெள்ளம் தாங்காத வேடிக்கைக்காக, வெள்ளத்தைத் தாங்கி நின்ற கல்லை எடுக்கிறீர்கள். கணக்கு எனக்குப் புரியவில்லை.

உங்களைப் போலவே அரசாங்க அலுவலகத்தில் இருந்த ஒருவரை ஞாபகப்படுத்த அனுமதி கொடுங்கள். திருநெல்வேலி கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்த சுலோசன முதலியார். பாளையங்கோட்டைக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் ஜனங்கள் படகுக்குக் காத்து நின்று படும் பாட்டைப் பார்த்தார். பொதுப்பணம் சேரவில்லை என்றதும் தன் கைப்பணத்தைப் போட்டுப் பாலம் கட்டினார். 1843-இல் திறந்த பாலம். இன்றும் அதன் மேலேதான் நான் ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறேன். கைப்பணத்தைப் போடுங்கள் என்று உங்களைக் கேட்கவில்லை. ஆற்றங்கரையில் நிற்கிறவனுக்கு என்ன தேவை என்று அவர் பார்த்த மாதிரி பாருங்கள் என்கிறேன்.

திருக்கோளூருக்கு ஒரு கதை உண்டு. ராமானுஜர் ஊருக்குள் வரும்போது ஒரு பெண் ஊரை விட்டுப் போகிறாள். எல்லாரும் தேடி வருகிற ஊரை விட்டு நீ ஏன் போகிறாய் என்று கேட்க, அவரைப் போல நான் என்ன செய்தேன், இவரைப் போல நான் என்ன செய்தேன் என்று எண்பத்தொரு வாக்கியம் சொல்கிறாள். கோயிலுக்கு வருகிறவர்களுக்கு இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்ப் பையன்கள்தான் நினைவுக்கு வருவார்கள். வைகாசியில் ஆழ்வார்திருநகரி ஒன்பது கருட சேவைக்கு உலகம் திரண்டு வருகிற அதே வாரத்தில், பையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறுவார்கள். வரலாறு படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். கிருஷ்ணாபுரம் கோயிலில் கர்ணன் சிலைக்கும் அர்ச்சுனன் சிலைக்கும் முன்னால் நின்று அரை மணி நேரம் பேசத் தெரிந்தவர்கள். சொல்லிக் காட்டுவது ஒரு வேலை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. உங்கள் திட்டத்தில் உள்ளூர் ஆளுக்கு இருக்கும் வேலை, சீட்டுக் கிழிப்பதும் வாசல் காப்பதும்தான்.

கேட்பதைக் கேட்டுவிடுகிறேன்.

முதலில் அந்தச் சிவப்புக் குறியை அழியுங்கள். மண்டபத்தையும் படியையும் திட்டத்திலிருந்து நீக்கி, நீக்கியதை எழுத்தில் கொடுங்கள். விரிசல் விட்ட உத்தரத்தை, பழைய கல்வேலை தெரிந்த ஆளை வைத்துச் சரி செய்யுங்கள். சிமெண்டை அப்பிவிட்டுப் போக வேண்டாம், சுண்ணாம்பு போதும். அரசங்கன்றை வேரோடு எடுக்கவும் தெரிந்த ஆள்தான் வேண்டும், இல்லாவிட்டால் கல்லும் சேர்ந்து வரும்.

நீரூற்றுக்கு ஒதுக்கிய பணத்தில் வேன்கள் நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் கழிப்பறை கட்டுங்கள். வடகரையிலும் தென்கரையிலும். தண்ணீரோடு, தாழ்ப்பாளோடு, தினம் கழுவ மாதச் சம்பளத்துக்கு ஒரு ஆளோடு. 2023 வெள்ளம் எங்கே வரை வந்தது என்று அந்தந்த ஊரில் கேட்டு, அதற்கு மேலே கட்டுங்கள். எந்த வீட்டில் கேட்டாலும் சுவரில் கோட்டைக் காட்டுவார்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் ஒரு வயதான அம்மாவைக் கூட்டிப்போய், படி ஏற முடிகிறதா என்று பாருங்கள்.

ஒன்பது கோயிலின் நடை திறக்கும், சாத்தும் நேரத்தை ஒரே தாளில் அச்சடித்து ஜங்ஷனிலும் ஸ்டேஷனிலும் ஒட்டுங்கள், நேரம் மாறினால் தாளையும் மாற்றுங்கள். மதிய வேளைக்கு ஆதிச்சநல்லூரையும் கொற்கையையும் அதே தாளில் வழித்தடமாகப் போடுங்கள். சிவகளையிலும் கொற்கையிலும் பலகை வேண்டும்: எங்கே தோண்டினார்கள், என்ன கிடைத்தது, கிடைத்தது இப்போது எந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று தமிழில் எழுதி. புரட்டாசிச் சனிக்கு விடும் நவதிருப்பதிச் சிறப்புப் பேருந்தை எல்லாச் சனி, ஞாயிறும் விடுங்கள். இது என் பிழைப்பில் கை வைக்கிற கோரிக்கை என்று என் மனைவி சொல்கிறாள். வேனுக்குக் காசில்லாதவர்களும் பார்க்க வேண்டிய இடங்கள்தானே இவை. கரையோர ஊர்களில் வரலாறு படித்த பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்து, அடையாள அட்டை கொடுத்து, கூலி நிர்ணயியுங்கள்.

துண்டுப்பிரசுரத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, அட்டையில் எங்கள் ஆற்றைப் போடுங்கள். மருதூர் அணைக்கட்டைக் காலை வெயிலில் எடுத்தால் போதும், பெயர் எழுதவே வேண்டாம்.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை மறுபடி நடத்துங்கள், இந்த முறை மண்டபத்திலேயே. எல்லாரும் படியில் உட்காருவோம், மைக் தேவைப்படாது. புரட்டாசி முதல் சனிக்கு முன்னால் என்றால் நல்லது, அதன் பிறகு ஒரு மாதத்துக்கு எனக்கு ஓய்வு கிடைக்காது. நாளைக் குறித்துச் சொன்னால் திருநெல்வேலியிலிருந்து உங்களை நானே கூட்டி வருகிறேன். வழியில் ஒதுங்க வேண்டுமென்றால் அந்த அம்மா வீடு இருக்கிறது.

இப்படிக்கு,
நவதிருப்பதி வேன் ஓட்டுநர் ஒருவர்,
ஸ்ரீவைகுண்டம் வட்டம்